பதினான்கு நாள்: இங்கிலாந்துக் கால்வாய்ப் படகும் 'இடம்' என்னும் சொல்லும்

1. கேள்வி

லண்டனில் ரீஜென்ட் கால்வாயின் கரையோரம் நடப்பவர்கள் முதலில் பார்ப்பது படகுகளின் கூரையைத்தான். நிலக்கரி மூட்டை, விறகு, சைக்கிள், பூந்தொட்டி, சூரியத் தகடு எல்லாம் அங்கே கிடக்கும். கொஞ்சம் குனிந்தால் சன்னல் கண்ணாடிக்குள் ஓர் எண்பலகையும் உரிமச் சீட்டும் தெரியும். படகை நிறுத்தியிருப்பது இரண்டு கயிறுகள். பல இடங்களில் அந்தக் கயிறுகள் கரை மண்ணில் அடித்த இரும்பு முளைகளில் கட்டப்பட்டிருக்கும். அந்த முளைகள் பதினான்கு நாளுக்குள் பிடுங்கப்பட வேண்டும்.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஏறத்தாழ 2,000 மைல் நீர்வழியை 'கனால் அண்ட் ரிவர் டிரஸ்ட்' என்னும் அறக்கட்டளை நிர்வகிக்கிறது. அதனிடம் உரிமம் பெற்ற படகுகள் சுமார் 35,000. ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குக்கு, படகை நிலையாகக் கட்டிவைக்கச் சொந்தத் துறை கிடையாது. ஆண்டு முழுதும் இடம் மாறிக்கொண்டே இருப்பதாக ஒப்புக்கொண்டு உரிமம் வாங்கியவை அவை. 'தொடர் பயணிகள்' என்று இவர்களைச் சொல்கிறார்கள். ஓய்வுபெற்ற பின் நாடு சுற்றிப் பார்ப்பவர்களும் இவர்களில் உண்டு, வீட்டு வாடகை கட்ட முடியாமல் படகேறிய இளைஞர்களும் பள்ளிக்குப் போகும் பிள்ளைகளை வைத்திருப்பவர்களும் உண்டு.

ஒருவர் தம் பணத்தில் ஒரு படகை வாங்குகிறார். அதில்தான் சமைக்கிறார், தூங்குகிறார். நீர்மேல் அவருக்கு எதன்மீது உரிமை இருக்கிறது? படகின்மீது இருக்கிறது, படகு நிற்கும் இடத்தின்மீது இல்லை. ஆனால் அவர் ஓர் 'இடத்தில்' எத்தனை நாள் நின்றார் என்பதை வைத்துத்தான் உரிமமே நிற்கிறது, போகிறது. அந்த 'இடம்' எவ்வளவு பெரியது என்று சட்டம் எங்கும் சொல்லவில்லை. இந்த மௌனம் எப்படி வந்தது, அதன் சுமை யார் தலையில் விழுகிறது என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

2. படகுக்கு ஓர் ஊர்: 1877

இந்தக் கால்வாய்ப் படகுகளின் ஒடுங்கிய உருவத்தை முடிவு செய்தது பதினெட்டாம் நூற்றாண்டுச் சிக்கனம். 1777இல் முடிந்த டிரென்ட்–மெர்சி கால்வாயில் 'லாக்' எனப்படும் மதகுக்கூடங்கள் சுமார் 72 அடி நீளமும் 7 அடி அகலமும் கொண்டவையாகக் கட்டப்பட்டன. அதற்குள் நுழைய வேண்டிய படகு ஏழடிக்குச் சற்றுக் குறைவாகவே இருக்க முடியும். இன்று கட்டப்படும் எஃகுப் படகும் பெரும்பாலும் 6 அடி 10 அங்குல அகலம்தான்.

ரயில் வந்து சரக்குக் கூலி சரிந்தபோது படகோட்டிகள் பலர் கரையிலிருந்த வாடகை வீட்டை விட்டுவிட்டுக் குடும்பத்தோடு படகிலேயே குடியேறினார்கள். மனைவியும் பிள்ளைகளும் கூலியில்லா வேலையாட்கள் ஆனார்கள். பின்பக்கத்து அறை சுமார் பத்தடி நீளம். அதற்குள் அடுப்பு, மடக்குக் கட்டில், அலமாரி, ஆறேழு பேர். ஜார்ஜ் ஸ்மித் என்ற சீர்திருத்தக்காரர் 1870களில் இதை எழுதியும் பேசியும் நாட்டின் கவனத்துக்குக் கொண்டுவந்தார். அவர் சொன்ன எண்ணிக்கைகள் மிகை. படகு மக்களின் ஒழுக்கத்தைப் பற்றிய அவருடைய பேச்சில் மேட்டிமை இருந்தது. பின்வந்த ஆய்வாளர்கள் இதைக் கண்டித்திருக்கிறார்கள், அது நியாயமே. ஆனாலும் அவர் முயற்சியால் வந்த 1877ஆம் ஆண்டுக் கால்வாய்ப் படகுச் சட்டத்தை மேட்டிமையின் விளைவு என்று மட்டும் சொல்லி ஒதுக்கிவிட முடியாது.

குடியிருப்பாகப் பயன்படும் ஒவ்வொரு படகும் கால்வாயோர உள்ளாட்சி ஒன்றில் பதிவு செய்யப்பட வேண்டும் என்றது அச்சட்டம். பதிவுச் சான்றிதழில் எத்தனை பேர் தங்கலாம் என்று எழுதப்பட்டது. சட்டத்தை ஒட்டி வந்த விதிகள் பெரியவர் ஒருவருக்கு 60 கன அடி, பிள்ளைக்கு 40 கன அடி காற்றிடம் வேண்டும் என்று அளந்தன. சுகாதார அதிகாரி உள்ளே வந்து பார்க்கலாம். இவற்றைவிட என் வாதத்துக்கு முக்கியமானது இன்னொரு கூறு: பதிவு செய்யப்பட்ட படகு ஓர் ஊரைச் 'சேர்ந்தது' ஆயிற்று. அப்படகில் வாழும் பிள்ளை, கல்விச் சட்டங்களின் நோக்கத்துக்கு, அந்த ஊரில் குடியிருப்பதாகவே கொள்ளப்பட்டது. படகு எந்தக் கவுண்டியில் மிதந்தாலும் பிள்ளைக்கு ஓர் ஊர் உண்டு.

நடைமுறை வேறாகத்தான் இருந்தது. நாளைக்கு முப்பது மைல் நகரும் பிள்ளைக்குப் பதிவு ஊரின் பள்ளிக்கூடம் என்ன பயன்? இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரையிலும் படகுக் குடும்பங்களில் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். ஆக, சட்டம் வென்றது என்று நான் சொல்ல வரவில்லை. நகர்வதும் ஓர் ஊரைச் சேர்ந்திருப்பதும் ஒன்றுக்கொன்று பகையில்லை என்று அந்தச் சட்டம் கருதியது. அந்தக் கருத்தைத்தான் பின்னால் வந்த சட்டங்களில் காணவில்லை.

3. உரிமை போய் உரிமம் வந்தது: 1948–1968

பெரும்பாலான கால்வாய்கள் 1948இல் அரசுடைமை ஆயின. எல்.டி.சி. ரோல்ட் தம் படகில் வாழ்ந்த அனுபவத்தை எழுதிய 'நேரோ போட்' நூல் 1944இல் வெளிவந்து, கால்வாயைக் காக்கும் இயக்கத்துக்கு வித்திட்டிருந்தது. 1946இல் உள்நாட்டு நீர்வழிச் சங்கம் தொடங்கப்பட்டது. சரக்குப் படகுகளின் காலமோ முடிந்துகொண்டிருந்தது. 1962–63 குளிர்காலத்தில் கால்வாய்கள் வாரக்கணக்கில் உறைந்து கிடந்தன. 1963இல் புதிதாக வந்த பிரிட்டிஷ் நீர்வழி வாரியம் தன் சரக்குப் படகுத் தொழிலில் பெரும்பகுதியை நிறுத்திவிட்டது.

1968ஆம் ஆண்டுப் போக்குவரத்துச் சட்டம் நீர்வழிகளை வணிகவழி, உல்லாசவழி, மீதமுள்ளவை என்று மூன்றாக வகுத்தது. கால்வாய் ஆர்வலர்கள் பலர் இதை வெற்றியாகவே நினைவுகூர்கிறார்கள். உல்லாசவழிகளைப் பராமரிப்பது அரசின் கடமை என்று முதன்முறையாக எழுதப்பட்டதே என்கிறார்கள். அதே சட்டத்தின் 105ஆம் பிரிவைப் பற்றி அவ்வளவு பேச்சில்லை. பழைய கால்வாய்ச் சட்டங்கள் பொதுமக்களுக்குத் தந்திருந்த படகோட்டும் உரிமையை அது முடித்துவைத்தது. கட்டணம் செலுத்தினால் எவரும் போகலாம் என்றிருந்த வழி, வாரியம் ஒப்புதல் தந்தால் போகலாம் என்றாயிற்று. டிரென்ட் போன்ற ஆறுகளில் பொது உரிமை தப்பியது. அதனால் இன்றும் ஆற்றுக்கு ஒரு வகைச் சான்றிதழ், கால்வாய்க்கு வேறு வகை உரிமம் என்ற இரட்டை ஏற்பாடு நிலவுகிறது.

4. பதினேழாம் பிரிவு: 1995

இன்று படகு வைத்திருப்பவர்களின் வாயில் அதிகம் அடிபடுவது 1995ஆம் ஆண்டுப் பிரிட்டிஷ் நீர்வழிச் சட்டத்தின் 17ஆம் பிரிவு. உரிமம் கேட்பவர் மூன்றை நிறைவேற்ற வேண்டும். படகுக்குக் காப்பீடு இருக்க வேண்டும். பாதுகாப்புச் சான்றிதழ் வேண்டும். நான்கு ஆண்டுக்கு ஒரு முறை சோதகர் வந்து எரிவாயுக் குழாய், எரிபொருள் தொட்டி, மின்கம்பி, காற்றுத் துளைகளைப் பார்ப்பார். 2019 முதல் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவியும் கட்டாயம். கரி அடுப்பும் மூடிய சன்னலும் சேர்ந்த எஃகு அறையில் உயிர்கள் போயிருக்கின்றன. இவ்விதியோடு எவருக்கும் வழக்கில்லை.

மூன்றாவதுதான் சிக்கல். ஒன்று, படகை நியாயமாக வைத்திருக்கவும் சட்டப்படி விட்டுச்செல்லவும் ஒரு துறை இருக்க வேண்டும். அல்லது, உரிமக் காலம் முழுதும் படகு மெய்யாகவே பயணத்துக்குப் பயன்படும் என்றும், எந்த ஓர் இடத்திலும் தொடர்ந்து பதினான்கு நாளுக்கு மேலோ, சூழ்நிலைக்கு நியாயமான அதைவிடக் கூடிய காலத்துக்கு மேலோ தங்காது என்றும் விண்ணப்பிப்பவர் வாரியத்தைத் திருப்திப்படுத்த வேண்டும். 2012 ஜூலையில் வாரியத்தின் இடத்துக்கு டிரஸ்ட் வந்தது. பிரிவு அப்படியே தொடர்கிறது.

இந்த வாக்கியத்தில் சொல்லுக்குச் சொல் வழக்கு இருக்கிறது. 'மெய்யாகவே பயணம்' என்பதற்குப் படகோட்டியின் மனத்தைப் பார்ப்பதா, தடத்தைப் பார்ப்பதா? 'இடம்' என்பது முளை அடித்த புள்ளியா, ஊரா, பேட்டையா? துறை இருப்பவருக்கு வேறு மாதிரிச் சிக்கல். எங்கோ மலிவாக ஒரு துறைக்குப் பணம் கட்டிவிட்டு, அங்கே கால்வைக்காமல் நகரத்தில் வாழ்பவர்கள் உண்டு. படகுக்காரர்கள் இதைப் 'பேய்த்துறை' என்கிறார்கள். துறை இருந்தாலும் குடியிருப்புப் பாதுகாப்பு வந்துவிடாது. நிலத்தில் நகரும் வீடுகளுக்கு இருக்கும் சட்டப் பாதுகாப்பு நீரில் இல்லை. ஒப்பந்தம் முடிந்தால் கயிற்றை அவிழ்க்க வேண்டியதுதான்.

5. எத்தனை மைல்?

2011இல் பிரிஸ்டல் கவுண்டி நீதிமன்றம் ஒரு வழக்கைத் தீர்த்தது. கெனட்–ஏவன் கால்வாயில் சுமார் பத்து மைல் நீளத்துக்குள் மேலும் கீழுமாக நகர்ந்து வாழ்ந்தவர் படகை மெய்யாகவே பயணத்துக்குப் பயன்படுத்தவில்லை என்பது தீர்ப்பு. நாள் கணக்கில் அவர் விதியை மீறியதாலன்று, நகர்வின் நோக்கத்தால் தோற்றார். நிர்வாகம் அதன் பிறகு வழிகாட்டியைத் திருத்தியது. 2015 முதல், போதுமான தூரம் நகராதவர்களுக்கு ஓராண்டு உரிமத்துக்குப் பதிலாகக் குறுகிய கால உரிமம் தரும் முறை வந்தது. உரிமக் காலத்தில் சுமார் 20 மைல் எல்லைக்குள் மட்டுமே இருந்தவர் டிரஸ்டைத் திருப்திப்படுத்துவது மிகக் கடினம் என்றும் சொல்லப்பட்டது.

இதைப் பற்றி இரண்டு கருத்துகள் நிலவுகின்றன. கரை பொதுச் சொத்து, நகரத்தின் நல்ல இடங்களைச் சிலர் மட்டும் பிடித்துக்கொண்டால் மற்றவர்களுக்கு நிற்க இடமிராது, ஆகவே தூரம் கேட்பது நியாயம் என்பது ஒன்று. துறைக்கு ஆண்டுக்கு ஆயிரக்கணக்கான பவுண்டு கட்டும் படகுக்காரர்கள் பலரும் இப்படியே எண்ணுகிறார்கள். நாடாளுமன்றம் தூரம் எதையும் எழுதவில்லை, எழுதாததைக் கேட்க நிர்வாகத்துக்கு அதிகாரம் இல்லை என்பது படகில் வாழ்வோர் அமைப்புகளின் வாதம். கவுண்டி நீதிமன்றத் தீர்ப்பு பிற நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது என்பதையும் அவர்கள் சுட்டுகிறார்கள். சட்டப் பனுவலை மட்டும் வைத்துப் பார்த்தால் இரண்டாம் தரப்பின் வாதமே வலுவானது என்பது என் மதிப்பீடு. மசோதா பல ஆண்டுகள் குழுக்களில் அலசப்பட்டது. நாள் கணக்கை எழுதத் தெரிந்தவர்களுக்கு மைல் கணக்கை எழுதத் தெரியாதா?

ஆனால் இரு தரப்பும் 'இட'த்தை மைலில் அளக்கவே பார்க்கின்றன. கால்வாயில் மைலுக்கு மைல் வேறுபாடு உண்டு. அதே கெனட்–ஏவன் கால்வாயில், டிவைசஸ் ஊருக்குக் கிழக்கே பதினைந்து மைலுக்கு ஒரு லாக் கூட இல்லை. மணிக்கு 4 மைல் என்பது வேக வரம்பு. கரையோரம் கட்டிய படகுகளைக் கடக்கும்போது அதிலும் குறைக்க வேண்டும். அப்படியும் ஒரு நாளில் அந்தப் பதினைந்து மைலைக் கடந்துவிடலாம். ஊருக்கு மேற்கே இரண்டு மைலில் 29 லாக். அதில் பதினாறு, கேன் ஹில் சரிவில் ஏணிப்படிபோல ஒன்றன்மேல் ஒன்றாக.

அந்தச் சரிவில் ஒரு முழுப் பகல் நின்று பார்த்திருக்கிறேன். தனியாக வந்த ஒரு பெண் படகைக் கூடத்துக்குள் விட்டு, கரையில் இறங்கி, கயிற்றைக் கல்தூணில் ஒரு சுற்றுச் சுற்றி, மேற்கதவை முதுகால் தள்ளி மூடினார். இடுப்பில் செருகியிருந்த 'L' வடிவக் கைப்பிடியை எடுத்துப் பல்சக்கரத்தில் மாட்டிச் சுழற்றினார். மதகு திறந்ததும் படகு கீழே இறங்கத் தொடங்கியது. மேற்கதவின் அடியில், நீர் நிறைந்திருக்கும்போது தெரியாத ஒரு கல்திட்டு இருக்கிறது. நீர் வடியும்போது படகின் பின்புறம் அதன்மேல் தங்கிவிட்டால் முன்புறம் மட்டும் தாழ்ந்து சில நிமிடங்களில் படகு மூழ்கும். கூடத்தின் சுவரில் அதற்காக வெள்ளைக் கோடு போட்டிருக்கிறார்கள். அவர் கயிற்றைப் பிடித்தபடி அந்தக் கோட்டை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. கீழ்க்கதவு திறந்து வெளியேற ஏறத்தாழ கால் மணி நேரம். பிறகு அடுத்தது. ஒரு லாக் ஒரு மைலுக்குச் சமம் என்று படகுக்காரர்கள் பயணத்தைக் கணக்கிடுவதன் பொருள் அன்று விளங்கியது. வழிகாட்டியின் 20 மைலில் இந்தக் கணக்கு இல்லை.

6. படகின் நாட்காட்டி

சட்டத்தின் பதினான்கு நாளோடு கூட, படகுக்கே உரிய நாட்காட்டியும் ஒன்று உண்டு. கேசட் கழிப்பறையின் பெட்டி சுமார் 20 லிட்டர் கொள்ளும். இருவர் வாழும் படகில் சில நாளில் நிறைந்துவிடும். தூக்கிக்கொண்டோ சைக்கிளில் வைத்தோ கழிவகற்றும் நிலையத்துக்குப் போக வேண்டும். தண்ணீர்த் தொட்டி சிக்கனமாக இருந்தால் இரண்டு மூன்று வாரம் வரும். குழாய் இருக்கும் இடத்துக்குப் படகைத்தான் கொண்டுபோக வேண்டும். எழுபதடிப் படகை நினைத்த இடத்தில் திருப்பவும் முடியாது. கரையைக் குடைந்து அகலப்படுத்திய திருப்பிடம் வரும்வரை ஓட்டியாக வேண்டும்.

அடிப்பாகத்துக்கு வேறொரு கணக்கு. புதுப் படகில் அடித்தகடு 10 மில்லிமீட்டர், பக்கத்தகடு 6. இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒரு முறை கரையேற்றி, சுரண்டி, தார் பூச வேண்டும். எஃகுக்குப் பதிலாகத் தாம் அரிபடுவதற்கென்றே பக்கங்களில் பற்றவைத்த மக்னீசியக் கட்டிகளையும் தேய்ந்தபின் மாற்ற வேண்டும். பழைய படகின் தகடு 4 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் காப்பீடு தரத் தயங்குவார்கள். காப்பீடு போனால் உரிமம் போகும், உரிமம் போனால் படகை அகற்றும் அதிகாரம் நிர்வாகத்துக்கு வருகிறது. அகற்றும் அதிகாரம் 1983ஆம் ஆண்டுச் சட்டத்தின் 8ஆம் பிரிவிலிருந்து வருவது; ஆள் குடியிருக்கும் படகு என்றால் நீதிமன்றத்துக்குப் போன பிறகே அதைப் பயன்படுத்துவது வழக்கம். மலிவாகக் கிடைக்கிறதே என்று பழைய படகை வாங்குபவர், ஒரு மில்லிமீட்டர் துருவுக்கும் தெருவுக்கும் இடையில் உள்ள இந்தச் சங்கிலியை அறிவதில்லை. வாங்கும் படகு விற்பவருடையதுதானா என்று உறுதி செய்யக் கட்டாயப் பதிவேடு ஒன்றுகூட இல்லை. உரிமத்தில் பெயர் இருப்பது உடைமைக்குச் சான்றாகாது. விற்பனைப் பத்திரத்தையும் பழைய ரசீதுகளையும் வைத்துத்தான் தேற வேண்டும்.

எரிபொருள் வரியில் ஒரு வியப்பு இருக்கிறது. ஒரே தொட்டியில் ஊற்றும் டீசல் இயந்திரத்தையும் ஓட்டுகிறது, வீட்டையும் சூடாக்குகிறது. 2008 நவம்பர் முதல், ஓட்டுவதற்கான பங்குக்கு முழு வரி, குடியிருப்புக்கான பங்குக்குச் சலுகை வரி. வாங்குபவர் தாமே பங்கைச் சொல்லிக் கையெழுத்திட வேண்டும். 60க்கு 40 என்பது பொதுவாக ஏற்கப்படும் விகிதம். ஒரே படகு ஒரே நேரத்தில் வாகனமாகவும் வீடாகவும் இருக்க முடியும் என்பதை வரித்துறை இவ்வாறு ஒப்புக்கொள்கிறது. பதினேழாம் பிரிவு அந்த இரண்டில் ஒன்றைத்தான் பார்க்கிறது.

7. பள்ளிக்கூடமும் பணமும்

பிரிவின் வாக்கியத்தில் 'சூழ்நிலைக்கு நியாயமான கூடிய காலம்' என்ற தொடரை இரு தரப்பும் உரிய அளவுக்குப் பேசவில்லை என்பது என் குறை. இயந்திரக் கோளாறு, நோய், பனி, பழுதுபார்ப்புக்காக வழி மூடப்பட்டிருத்தல் ஆகியவற்றை டிரஸ்ட் ஏற்கிறது. மாற்றுத்திறனாளிகளுக்கு 2010ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டத்தின்படி சலுகை கேட்கலாம். வேலைக்கோ பள்ளிக்கோ போய்வரும் தூரத்தில் இருக்க வேண்டும் என்பதை மட்டும் காரணமாக ஏற்பதில்லை என்று வழிகாட்டி வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறது. 1877இல் படகுப் பிள்ளையின் பள்ளியையும் கருதி ஒரு சட்டம் வந்த நாடு இது. நியாயம் என்ற சொல்லைச் சட்டமே தந்திருக்கும்போது பள்ளித் தவணையை அதற்குள் கொண்டுவரப் புதுச் சட்டம் தேவையில்லை. வாசிப்பு மாறினால் போதும்.

டிரஸ்டின் நெருக்கடியையும் சொல்லியாக வேண்டும். 2019 ஆகஸ்டில் டாட்புரூக் நீர்த்தேக்கத்தின் கலிங்கு உடைந்து வேலி பிரிட்ஜ் ஊரிலிருந்து சுமார் 1,500 பேரை வெளியேற்ற நேர்ந்தது. கால்வாய்க்கு நீர் தருவதற்காகக் கட்டிய பழைய அணை அது. குறுகிய லாக் ஒன்றைக் கடக்க ஒவ்வொரு முறையும் லட்சம் லிட்டருக்கு மேல் நீர் இறங்குகிறது. அந்நீரைச் சேர்த்துவைக்கும் அணைகளின் பராமரிப்பு உரிமக் கட்டணத்தால் மட்டும் ஆகிற காரியமன்று. 2027 தொடங்கி பத்தாண்டுக்கு 40 கோடி பவுண்டு மானியம் என்று அரசு 2023இல் அறிவித்தது; விலைவாசியோடு ஒப்பிட்டால் இது பெரும் குறைப்பு என்றது டிரஸ்ட். 2024 ஏப்ரல் முதல் துறையில்லாப் படகுகளுக்குக் கூடுதல் கட்டணம் வந்தது. 10 விழுக்காட்டில் தொடங்கிப் படிப்படியாக 25 விழுக்காடு வரை ஏறும் ஏற்பாடு அது. துறைக்காரர்களைவிடத் தொடர் பயணிகள் நீர்வழியை அதிகம் பயன்படுத்துகிறார்கள் என்பது சொல்லப்பட்ட காரணம். அதிகம் நகர வேண்டும் என்று சட்டம் விதித்து, அப்படி நகர்வதற்கே கூடுதல் பணமும் கேட்கும்போது அந்தக் காரணம் நிற்கவில்லை. அரசு கைவிட்ட செலவைத் துறைக்குப் பணமில்லாதவரிடம் வசூலிப்பதுதான் இதன் விளைவு.

குளிர்காலத்தில் நவம்பர் முதல் பிப்ரவரி வரை ஒரே இடத்தில் நிற்கத் தனி அனுமதி விலைக்குக் கிடைக்கிறது. பணம் இருந்தால் கோடையில் 'இடமாக' இருந்த கரை குளிரில் துறையாகிவிடுகிறது. கரையில் குவிவதால் பிறருக்கு நேரும் இடையூறுதான் விதியின் காரணம் என்றால், கட்டணம் கட்டியவர்களால் அந்த இடையூறு எப்படி நேராமல் போகும்?

ஊரில்லாமல் வாழ்வதற்கான வழிகளைப் படகுக்காரர்கள் ஒவ்வொன்றாகத் தேடி வைத்திருக்கிறார்கள். வாக்காளர் பட்டியலில் சேர, நிலையான முகவரி இல்லாதவர்களுக்கான உள்ளூர்த் தொடர்பு உறுதிமொழி உண்டு. கடிதத்துக்கு உறவினர் வீடு. மருத்துவரிடம் முகவரி இல்லாமலும் பதியலாம். வரவேற்பு மேசையில் அதை எடுத்துச் சொல்லி வாதாட வேண்டியிருக்கும்.

பழைய சரக்குப் படகுகளின் பின்னறைப் பக்கத்தில் உரிமையாளர் பெயருக்கு அருகே, பதிவு செய்யப்பட்ட ஊரின் பெயரும் பதிவு எண்ணும் நிழல்போட்ட எழுத்தில் எழுதப்பட்டிருக்கும். 1877ஆம் ஆண்டுச் சட்டம் கேட்ட அடையாளம் அது. இன்று எஃகுப் படகு கட்டுபவர்கள் பலர் அதே பாணியில், அதே இடத்தில், ஓர் ஊர்ப் பெயரை எழுதிக்கொள்கிறார்கள். பிரான்ஸ்டன், பர்மிங்காம் என்று தாங்கள் விரும்பிய ஊர். ரோஜாவும் கோட்டையும் வரைந்த கதவுக்குப் பொருத்தமாக இருக்கிறது. சோதனைக்கு வரும் அலுவலர் அந்தப் பக்கம் பார்ப்பதில்லை. சன்னலிலுள்ள எண்ணையும் தேதியையும் படகு நிற்கும் இடத்தையும் கையிலுள்ள கருவியில் பதிந்துகொண்டு அடுத்த படகுக்கு நடக்கிறார்.